மல்லாட்டை எத்தனை எழுத்து?

திண்டிவனத்தில் ஒரு செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது என்று வையுங்கள். கடைக்காரரின் மகன் செல்போன் விளம்பரம் எழுதக் கற்கிறான்.

"உலகத் தரம் வாய்ந்த தூய நிலக்கடலை எண்ணெய்! தரத்தில் முதலிடம்!" என்று எழுதுகிறான்.

இதைப் பார்த்து யார் வருவார்கள்? "உலகத் தரம்" என்று சோப்புக்கும் போடலாம், சிமெண்டுக்கும் போடலாம்.

விழுப்புரம் பக்கம் நிலக்கடலை என்றா சொல்கிறார்கள்? மல்லாட்டை என்றல்லவா சொல்கிறார்கள்! வாங்குகிறவர் வாயில் வரும் சொல்லைத்தான் எழுத வேண்டும். செல்போனில் அவர் தேடுவதும் அந்தச் சொல்லைத்தான்.

"முதலிடம்" என்கிறானே, யார் கொடுத்த இடம்? ஆதாரம் இல்லாவிட்டால் ஆபத்து! ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. செல்போன் விளம்பரமும் இதில் அடக்கம்.

சொல்ல உண்மையா இல்லை? திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை ரகங்களுக்கு "டி.எம்.வி." என்று பெயர். ஊர்ப் பெயரின் சுருக்கம் அது! அந்த ரகத்தில் ஆட்டியிருந்தால் அதையே எழுதலாம். ஆட்டாவிட்டால் எழுதக் கூடாது.

இடமும் குறைவு. ஒரு எஸ்.எம்.எஸ். ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழில் 70தான்! "மல்லாட்டை" கண்ணுக்கு 5 எழுத்து. போனுக்கு 9! புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு.

லிட்டர் 300 ரூபாய் என்றால், பையன் இப்படி எழுதலாம்:

"நேற்று ஆட்டிய மல்லாட்டை எண்ணெய். லிட்டர் ரூ.300. பஸ் நிலையம் அருகே."

இடைவெளியும் சேர்த்து 67. இன்னும் 3 மிச்சம்!