மூச்சுக்கு முன்னே தீர்ப்பா?

நம் பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு என்றாலே சுவரொட்டிப் போட்டியும் பேச்சுப் போட்டியும் உறுதிமொழியும்தாம் நினைவுக்கு வருகின்றன. 1983இல் மலேசிய அரசு போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என அறிவித்த நாள்தொட்டு இம்முழக்கம் ஓயவில்லை. "தொடாதே" என்று கற்பித்தோம், நன்றே. தொட்டவன் மூச்சடங்கிக் கிடக்கையில் அருகிருப்பவன் செய்ய வேண்டுவது யாது? அதைச் சொல்வதே பாவம் என்பதுபோல் ஒதுக்கி வைத்துள்ளோம். அவ்வொதுக்கலை எதிர்த்தே இதனை எழுதுகிறேன்.

ஹெராயின், மார்ஃபின், ஃபெண்டனில் முதலிய அபினி வகைப் பொருள்கள் அளவு மீறினால், மூச்சை நடத்தும் மூளைத்தண்டை அடங்கச் செய்கின்றன. கண்பாவை குண்டூசி முனையளவாய்ச் சுருங்கும். தட்டினாலும் அழைத்தாலும் விழிப்பு வாராது. மெலிந்த மூச்சு சில வேளைகளில் குறட்டைபோல் கேட்கும். இக்குறட்டைதான் கொடியது. "அசந்து தூங்குகிறான், எழுப்பாதீர்கள்" என்று வீட்டார் கதவைச் சாத்திவிடுவர். உதடு நீலம் பாரிக்கும் என்பார்கள். நம் கறுத்த மேனியில் அந்நீலம் எளிதில் புலப்படாது; சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்களையும் நோக்குதல் வேண்டும். தண்ணீர் ஊற்றுவதும் கன்னத்தில் அறைவதும் எலுமிச்சைச் சாறு புகட்டுவதும் பயன் தரா. புகட்டியது மூச்சுக்குழலுள் இறங்கினால் அதுவே எமன்.

இதனை முறிக்கும் மருந்து இல்லாமலில்லை. 1961இல் உருவான நலோக்சோன், அபினிப் பொருளை மூளையின் ஏற்பிகளிலிருந்து விலக்கிச் சில நிமிடங்களில் மூச்சை மீட்கிறது. அருகிருக்கக்கூடிய எவர்க்கும் அது கிட்ட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் பீய்ச்சும் வடிவில் மருத்துவர் சீட்டின்றியே கிடைக்கிறது. அதைக் கண்டவருள் ஒருவரான ஜாக் ஃபிஷ்மனின் வளர்ப்பு மகனே 2003இல் போதைப்பொருள் மிகையால் மாண்டான். மருந்து உலகில் இருந்தது, வேளைக்கு உதவவில்லை.

"மருந்து கையிலிருந்தால் துணிந்து போதை கொள்வான்" என்கின்றனர் சிலர். அம்மருந்து போதையைப் பறித்து, உடல்வலி, வாந்தி, நடுக்கம் ஆகியவற்றில் அவனைத் தள்ளுகிறது. இதனை விரும்பி வரவழைப்பவன் யார்?

"செத்தால் சாகட்டும்" என்பாரும் உளர். ஆசிரியர் அறையிலேயே உளர்! அவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். சிறையிலோ மறுவாழ்வு நிலையத்திலோ சில திங்கள் விலகியிருந்தவனின் உடல் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே ஒருமுறை எடுத்தாலும் உயிர் போகலாம். விட்டொழிக்க முயன்றவனையே சாகட்டும் என்கிறோமா? புற்றுநோய்ப் பாட்டிக்குத் தந்த ஃபெண்டனில் ஒட்டுப்பட்டையை எடுத்து விளையாடும் பேரக் குழந்தைக்கும் இதே கதி நேரலாம். அக்குழந்தைக்கும் இதே தீர்ப்புத்தானா?

சாபுவுக்கு இம்மருந்து உதவாது என்பதும் உண்மையே. ஆயினும் உட்கொண்டது இன்னதெனத் தெரியாதபோது கொடுத்தாலும், அபினி இல்லாத உடலுக்கு அதனால் பெருங்கேடில்லை.

மற்றொரு தடை அச்சம். 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டத்தின் 15ஆம் பிரிவு போதைப்பொருளைத் தன்னுடலில் செலுத்துவதையே குற்றமாக்குகிறது. ஆகவே உடனிருந்த நண்பன் உதவிக்கு அழையாமல் ஓடிவிடுகிறான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இலேயே, உயிர்காக்க அழைப்போர்க்குச் சட்டக் காப்பளித்தது. நம் சங்கங்கள் இங்கும் அதனைக் கோரலாகாதா?

தொடக்கப்பள்ளிச் சிறுவனை மருந்து கையாளச் சொல்லவில்லை. அவனுக்கு 999 என்ற எண்ணும், பெரியவரைக் கூவியழைக்கும் துணிவும் போதும். ஆசிரியப் பயிற்சி மாணவர்க்கோ முதலுதவிப் பாடத்திலேயே இது வைக்கப்படல் வேண்டும்: தலையைச் சாய்த்து மோவாயை உயர்த்தி மூச்சூட்டல், மூச்சு மீண்டபின் ஒருக்களித்துப் படுக்கவைத்தல், மருந்தைப் பீய்ச்சும் முறை. மருந்தின் ஆற்றல் 30 முதல் 90 நிமிடங்களில் தணியும். உட்கொண்டது அதனினும் நீடித்தால் மூச்சு மீண்டும் தாழும். எழுந்து உட்கார்ந்தவன் "எனக்கு ஒன்றுமில்லை" என்று கிளம்பப் பார்ப்பான். மருத்துவ வண்டி வரும்வரை அவனைத் தனியே விடலாகாது என்பதும் அப்பாடத்தில் இடம்பெறுதல் வேண்டும்.