புல்லுக்கு இடம் உண்டு, ஆளுக்கு?

ஹரியானாவில் குர்கான் என்று எல்லோரும் அறிந்த ஊருக்கு 2016 முதல் குருகிராம் என்று பெயர். அங்கே 2024 டிசம்பரில் ஒரு வீடு கைமாறியது. விலை 190 கோடி ரூபாய். முத்திரைத் தீர்வையாக அரசுக்குக் கட்டிய பணம் மட்டுமே சுமார் 13 கோடி. தனி பங்களாகூட இல்லை; அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் உள்ள ஒரு பிளாட். மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தா, பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்து வைத்தால் இந்த வீட்டை வாங்க மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கரிகாலன் காலத்தில் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தாலும் இன்னும் பாக்கி இருக்கும்.

அந்த விலை செங்கலுக்கும் சிமெண்டுக்கும் கொடுத்த விலை மட்டுமன்று. கட்டடம் நிற்பது கோல்ப் மைதானத்தின் ஓரத்தில். அந்தச் சாலைக்கே கோல்ப் கோர்ஸ் ரோடு என்றுதான் பெயர். மேலேயிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்ற புல்வெளி, நடுவே குட்டைகள், மணல் திட்டுகள். ஆட்டம் ஆடுகிறவர் வெகு சிலர். பார்த்துக் கொண்டிருப்பதற்காகப் பணம் கொடுத்தவர்களே அதிகம். எதிரே இன்னொரு கட்டடம் எழும்பி வெளிச்சத்தை மறைக்காது என்ற உத்தரவாதம் ஒரு பெரிய சொத்துதான். டில்லிப் பக்கத்தில் காற்றும் வெளிச்சமும்கூடக் காசு கொடுத்தால்தான் கிடைக்கும்.

இந்த மாதிரிக் காலனிகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. கோல்ப் மைதானம், டென்னிஸ் கோர்ட்டுகள், நீச்சல் குளம், கிளப் கட்டடம், இவற்றைச் சுற்றி வீடுகள், எல்லாவற்றையும் வளைத்து ஒரு மதில், மதிலில் ஒரு வாசல், வாசலில் காவற்காரர். அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில் 1960 ஜனவரியில் திறக்கப்பட்ட சன் சிட்டி என்ற ஓய்வு பெற்றோர் குடியிருப்பு கோல்ப் மைதானத்தை வைத்தே வீடு விற்கலாம் என்பதை நாடறியச் செய்தது. ஃப்ளோரிடாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பல காலனிகளில் வீடு வாங்குகிறவர் கிளப்பிலும் சேர்ந்தே ஆக வேண்டும். ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஆண்டுதோறும் சந்தா கட்டியே தீர வேண்டும். அப்பா இறந்த பிறகு பிள்ளைகளுக்கு வீடு வருகிறது, கூடவே சந்தாவும் வருகிறது. வீட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வாரிசுகள் அலைந்த கதைகள் அங்கே உண்டு. 2006-க்குப் பிறகு பல ஆண்டுகள் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த கோல்ப் மைதானங்களைவிட மூடியவையே அதிகம். இங்கே இருப்பவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பணக்காரர் தம் பணத்தில் வீடு வாங்குவதைக் கண்டு வயிறெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்தப் புல்வெளிகளில் பொதுச் சொத்தும் கலந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. டில்லி எல்லைக்குள் நிலத்தை மேம்படுத்தி விற்கும் தொழில் 1957 டில்லி மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பின் தனியார் கையை விட்டுப் போயிற்று. எல்லையைத் தாண்டி ஹரியானாவுக்குப் போன கம்பெனிகளுக்கு 1975-ல் அம்மாநிலம் இயற்றிய காலனிச் சட்டம் வழிவிட்டது. குர்கானில் விவசாயிகளிடம் துண்டு துண்டாக நிலம் வாங்கி நகரம் எழுப்பிய கம்பெனியே அங்கே ஆர்னால்ட் பால்மர் வடிவமைத்த கோல்ப் மைதானத்தையும் போட்டது. அதுவரை சரி. 2010-ல் வஜிராபாத் கிராமத்தில் 350 ஏக்கர் அரசு நிலத்தை 'பொழுதுபோக்குத் திட்டம்' என்ற பெயரில் அதே கம்பெனிக்கு மாநில அரசு ஒதுக்கியது. கோல்ப் மைதானம்தான் அதன் முக்கிய அம்சம். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2014 செப்டம்பரில் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. கிராமத்துக்காரனிடமிருந்து பொதுக் காரியத்துக்கு என்று சொல்லி எடுக்கும் நிலத்தைப் பந்து உருட்டுவதற்குக் கொடுக்கலாம் என்று எந்த அதிகாரிக்குத் தோன்றியதோ!

தலைநகரிலேயே பழைய கிளப்புகள் இருக்கின்றன. நிஜாமுதீனுக்கு அருகே டில்லி கோல்ப் கிளப் 179 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. உள்ளே மொகலாயர் காலத்துச் சமாதிகள், மயில்கள். நிலம் மத்திய அரசுடையது, கிளப் குத்தகைக்காரர். பிரதமர் வீட்டுக்குப் பக்கத்தில் ஜிம்கானா கிளப்புக்கு 27 ஏக்கர். குத்தகை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். அதன் புல்தரை டென்னிஸ் கோர்ட்டுகளில் 2022-ல் டென்மார்க்குடன் டேவிஸ் கோப்பைப் பந்தயம் நடந்தது. அதே ஆண்டு கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அந்தக் கிளப்பின் நிர்வாகத்தை மத்திய அரசு ஏற்க அனுமதித்தது. சென்னையில் கோல்ப் மைதானத்தையும் உள்ளே வைத்துக்கொண்டிருந்த கிண்டி ரேஸ் கிளப்பின் 160 ஏக்கருக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். தமிழக அரசு 2024 செப்டம்பரில் அந்தக் குத்தகையை முடித்து வைத்தது. சென்னைப் புறநகரில் ஒற்றை அறைக்கு ஒரு மாதத்துக்கே அதைப் போலப் பல மடங்கு கொடுப்பவர்களுக்கு இது புரிய நேரமாகும்.

கிளப் வாசலில் நடப்பது தனிக் கதை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பின் வாசலில், வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே தமிழக சட்டசபை சட்டம் இயற்றி அந்தத் தடையை ஒழித்தது. 2017 ஜூனில் டில்லி கோல்ப் கிளப்பின் சாப்பாட்டு அறையிலிருந்து மேகாலயத்துப் பெண்மணி ஒருவரை எழுப்பி அனுப்பினார்கள். அவர் உடுத்தியிருந்தது காசி இன மக்களின் பாரம்பரிய உடை. வேலைக்காரி போல் தெரிகிறாராம். விருந்தினராக அழைக்கப்பட்டவருக்கே இந்த மரியாதை என்றால், நிஜமாகவே வேலைக்காரியாக இருப்பவருக்கு?

ஆட்டத்தின் மேல் குற்றமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த 'கேடி'கள்தான் இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர்கள். டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியர். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் இதே குர்கான் மைதானத்தில் அப்பட்டத்தை வென்றார். கல்கத்தாவில் புல்வெளி பராமரிப்பவரின் மகனான சவுராசியா 2016-லும் 2017-லும் வென்றார். இரண்டாவது வெற்றி குர்கானில். மைதானத்தின் ஒவ்வொரு மேடு பள்ளமும் இவர்களுக்குத் தெரியும். அங்கே குடியிருக்கத்தான் முடியாது.

விஷயம் இங்கேதான் முள்ளாகக் குத்துகிறது. ஆயிரம் வீடுகள் உள்ள காலனி ஒன்று நடக்கச் சமையல்காரி, ஆயா, டிரைவர், தோட்டக்காரர், துப்புரவுத் தொழிலாளி, காவற்காரர் எல்லோரும் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். இரவில் அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. ஹரியானாவின் விதிகள் இதை அடியோடு மறக்கவில்லை: மனைப் பிரிவுகளில் 20 சதவிகித மனைகளும், அடுக்குமாடித் திட்டங்களில் 15 சதவிகித வீடுகளும் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். ஆனால் அவை வாடகை வீடுகள் அல்ல, குலுக்கலில் விற்கப்படுபவை. இன்று சீட்டு விழுந்தவர் நாளை நெருக்கடி வந்தால் விற்றுவிட்டுப் போகிறார். பெருக்கித் துடைக்கிறவர் மறுபடியும் தகரக் கொட்டகைக்குத்தான்.

டில்லித் தமிழர்களுக்கு இது கண்ணால் கண்ட கதை. ஜங்புராவில், நிஜாமுதீன் ரயில் நிலையத்தை ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் இருந்தது. சுமார் 370 குடிசைகள். ஆண்கள் கூலி வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போக, பெண்களில் பெரும்பாலோர் ஜங்புரா, நிஜாமுதீன் வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் குடும்பத்தை நடத்தினார்கள். கோல்ப் கிளப்பின் பச்சைப் புல் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும் சைக்கிள் தூரத்தில்தான். டில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி புல்டோசர்கள் வந்தன. வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் ஏறுகிறது என்பது காரணம். அது பொய்யான காரணம் இல்லை. வெள்ளத்தில் முதலில் நனைந்ததும் அந்தக் குடிசைகள்தான். குடும்பங்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவையே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. கிடைத்த இடம் நரேலா. டில்லியின் வடகோடி, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்.

நான்கு வீடுகளில் வேலை பார்த்து வந்த ஒரு பெண் நரேலாவிலிருந்து தினமும் ஜங்புரா வர வேண்டுமானால் பானிபட் பக்கமிருந்து வரும் ரயிலைப் பிடித்து, இறங்கி, பஸ் மாறி வர வேண்டும். போக வரப் பல மணி நேரம் வழியிலேயே போய்விடும். ஏழு மணிக்கு டிபன் கேட்கும் எஜமானி அவருக்காகக் காத்திருக்க மாட்டார். குழந்தைகளின் நிலையும் அப்படித்தான். லோதி எஸ்டேட்டிலுள்ள டில்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் அந்தக் கேம்ப்பின் பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கற்றார்கள். கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றும் நரேலாப் பக்கம் இல்லை. வீடு கிடைத்த குடும்பத்துக்குத் தமிழ் போயிற்று; பள்ளிக்கு அருகே இருக்க விரும்பிய குடும்பத்துக்கு வீடு போயிற்று.

அரசின் நிலத்தில் ஒருவர் குத்தகைக்காரர், இன்னொருவர் ஆக்கிரமிப்பாளர். சட்டப்படி அந்த வேறுபாடு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். டில்லி அரசின் 2015 குடிசை மறுவாழ்வுக் கொள்கை, கூடியவரை இருக்கும் இடத்திலேயே அல்லது ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு தர வேண்டும் என்கிறது; அதற்கு அப்பால் அனுப்புவது விதிவிலக்காக மட்டுமே. அது நடக்காத காரியமும் இல்லை. தென் டில்லி கல்காஜியில் குடிசைவாசிகளுக்கென அருகிலேயே கட்டிய 3,024 வீடுகளைப் பிரதமர் 2022 நவம்பரில் திறந்து வைத்தார். கல்காஜியில் கிடைத்த நிலம் ஜங்புராவுக்குப் பக்கத்தில் கிடைக்கவில்லை என்று சொன்னால், எங்கெங்கே எத்தனை ஏக்கர் யாரிடம் என்ன குத்தகைக்கு இருக்கிறது என்ற பட்டியலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோல்ப் மைதானங்களை உழுது குடிசை போடச் சொல்பவர் யாருமில்லை. 179 ஏக்கர் மரமும் மயிலும் டில்லிக்குத் தேவைதான். ஆனால் குத்தகை புதுப்பிக்கப்படும்போது வாடகை காலத்துக்கு ஏற்றபடி உயர வேண்டும். அந்தப் பணம் அதே சுற்றுவட்டாரத்தில் தொழிலாளர் வாடகை வீடுகளாக மாற வேண்டும். குர்கானில் புதிய காலனிக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது, வேலையாட்களுக்கான வீடுகள் கட்டி முடிந்து ஆட்கள் குடியேறிய பின்னரே கோடீஸ்வரர் மாடிக்குக் குடிபுகும் சான்றிதழ் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிறகு பாருங்கள், அந்த வீடுகள் எவ்வளவு விரைவாக எழும்பும் என்று. புல்லுக்கு ஊற்றும் தண்ணீரும் கழிவுநீரைச் சுத்திகரித்ததாகவே இருக்க வேண்டும், ஆழ்குழாயில் உறிஞ்சக்கூடாது.

இவையெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டியவை. டில்லித் தமிழர்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாற்று வீட்டுத் தகுதிக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது முக்கியமான சான்று. நம்மவரில் பலருக்கு ரேஷன் கார்டு சேலத்திலோ விழுப்புரத்திலோ, ஓட்டும் அங்கேயே, வாழ்வு மட்டும் டில்லிக் குடிசையில். புல்டோசர் வந்த பிறகு மனு எழுதிப் பயனில்லை. பட்டியல் திருத்தம் நடக்கும் வாரங்களில் ஆபீஸ் உத்தியோகத்தில் இருக்கும் நான்கு தமிழர்கள் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியிருக்கும் குடியிருப்புகளுக்குப் போய், வீடு வீடாகப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். படிவம் இலவசம். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி. ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும்.