காயில் கட்டுவதற்கு முன்

சித்திரை பிறந்துவிட்டால் நம் கைப்பேசிகள் ஓய்வதில்லை. "மோட்டார் ஓடுது, தண்ணி வரலை" என்று ஒரு குரல்; "சுவிட்ச் போட்டதும் ட்ரிப் ஆயிடுது" என்று இன்னொன்று. போகிறோம், குழாயைத் தூக்குகிறோம், காயில் கட்டி மறுபடி இறக்குகிறோம். ஆடிக்குள் அதே வீட்டிலிருந்து திரும்ப அழைப்பு வந்தால், எரிந்தது மோட்டாராக இருக்கலாம், தவறவிட்டது நாம்தான்.

சென்ற கோடையில் தாம்பரம் பக்கம் ஒரு வீடு. நான்கு மாதத்தில் இரண்டு முறை காயில் கட்டியாகிவிட்டது. மூன்றாவது முறையும் எரிந்துவிடுமோ என்ற பயத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டு அம்மா சொன்னார்: "முக்கால் மணியில நிறையுற டேங்க்கு, பொங்கலுக்கு அப்புறம் ஒன்றரை மணி எடுக்குது தம்பி." முன்பு வந்த இருவரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை.

போர் மூடியைத் திறந்து காதை வைத்தேன். மோட்டார் நின்றிருந்தபோது சத்தமே இல்லை. ஓடவிட்ட அரை நிமிடத்தில் உள்ளே 'உஸ்' என்று தண்ணீர் பீறிடும் ஓசை. குழாயைத் தூக்கினால், ஏழாவது ஜாயின்ட்டில் மரையைத் துரு தின்று, பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஏறிய தண்ணீரில் பாதி கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இரட்டிப்பு நேரம், அதுவும் வோல்டேஜ் இறங்கும் வேளையில் கூடுதல் ஆம்பியர் இழுத்து ஓடினால் எந்தக் காயில் தாங்கும்? ஒரு எச்சரிக்கை: மோட்டார் நின்றிருக்கும்போதும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அது ஊற்று. நீர்மட்டம் அந்த ஊற்றுக்கண்ணுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்து ஒரு கண்ணாடி டம்ளர். பால்போல வெளுத்த தண்ணீர் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் உள்ளே காற்று. பெரும்பாலும் நீர்மட்டம் பம்பின் வாய்க்கு வந்துவிட்டது. டாங் டெஸ்டரில் ஆம்பியர் வழக்கத்தைவிட இறங்கித் தள்ளாடினால் சந்தேகமே வேண்டாம். அடியில் மணல் படிந்தால் இம்பெல்லர் தேயத் தொடங்கிவிட்டது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், எண்ணெய் நிரப்பிய மோட்டாரின் சீல் போய்விட்டது. அன்றே அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பிடிக்கும்போது தெளிந்திருந்து, வாளியில் வைத்த பிறகு செம்மை படிவது இரும்பு.

மழை பெய்த ஓரிரு நாளில் கலங்கும் தண்ணீரைத்தான் நாம் மிகவும் அலட்சியப்படுத்துகிறோம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை. பாறை தொட்டதும் கேசிங் நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் துளைதான். அடிக்கு இவ்வளவு என்று கேசிங்குக்குக் காசு என்பதால், பத்தடி குறைத்துப் போடச் சொல்லும் வீட்டுக்காரரும் உண்டு, தலையாட்டும் போர் வண்டிக்காரரும் உண்டு. கேசிங் பாறையில் அழுந்த உட்காராவிட்டால் அந்த இடுக்கு வழியே மேல்மண் இறங்கும். மண் இறங்கும் வழியில் பக்கத்து செப்டிக் டேங்க் கசிவும் இறங்கும். மோட்டாருக்குக் கேடில்லை என்று கைகழுவுவது நம் தொழிலுக்கு அழகல்ல. குடிநீருக்கான இந்தியத் தரம் 10500-இன்படி, 100 மில்லிலிட்டர் மாதிரியில் ஈ.கோலி கிருமி தென்படவே கூடாது. பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் அந்த வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும்.

எந்த அறிகுறியும் காட்டாத கேடும் ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்: ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பல்லில் கறை தெரிகிற வரை காத்திருக்கலாமா?

இந்த இதழின் நடுப்பக்கத்தில் ஓர் அட்டை அச்சிட்டிருக்கிறோம். போரின் ஆழம், கேசிங் நீளம், மோட்டார் நிற்கும் அடி, நீர்மட்டம், ஓடும்போது ஆம்பியர், டேங்க் நிறைய ஆகும் நேரம், தேதி. வேலை முடித்ததும் நிரப்பி, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்து அங்கே போவது வேறொரு மெக்கானிக்காகவும் இருக்கலாம். அதனால் எழுத்து தெளிவாக இருக்கட்டும்.