எரர் கோடு ஒரு புகார்தான், தீர்ப்பு இல்ல

தூத்துக்குடி துறைமுக ரோட்டுல ஒரு தடவையாவது போயிருப்பீங்க. நிலக்கரி அள்ளும் வீல் லோடர், கன்டெய்னர் தூக்கும் ரீச் ஸ்டேக்கர், கப்பல் பக்கத்துல நிற்கும் மொபைல் ஹார்பர் கிரேன், வெளியே வந்தா ரோடு வேலையில் இருக்கும் பொக்லைன். பார்க்க எல்லாம் இரும்பும் ஆயிலுமா தெரியும். உள்ளே இன்ஜினுக்கு ஒரு கண்ட்ரோலர், கியர்பாக்ஸுக்கு ஒண்ணு, ஹைட்ராலிக்ஸுக்கு ஒண்ணு, டிரைவர் முன்னாடி டிஸ்ப்ளே ஒண்ணு. இவை எல்லாம் பெரும்பாலும் முறுக்கிய ரெண்டு வயர்லதான் பேசிக்குது. அதுக்குப் பேர் கேன் பஸ். பாஷ் கம்பெனி 1986-ல் கார்களுக்காக வெளியிட்டது. அதன் மேலே கனரக வண்டிகளுக்குன்னு எழுதின விதிமுறைதான் ஜே1939.

நம்ம சிலபஸ்லயும் கேன் இருக்கு. ஃபிரேம் ஃபார்மட் வரைஞ்சா மார்க் கிடைக்கும். ஆனா அந்த ரெண்டு வயர்ல ஒண்ணு அறுந்தா என்ன ஆகும்னு நம்மகிட்ட யாரும் கேட்டதில்ல. ஸ்கிரீன்ல வர்ற கோடைப் பார்த்து உடனே பார்ட் மாத்துற பழக்கம் தப்பு. வேற வழி இருக்குன்னு நமக்குச் சொல்லித் தராம லேப் முடியுறது அதைவிடப் பெரிய தப்பு. இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன்.

ஒரு உதாரணம். ஜே1939-ல் ஒவ்வொரு கோடுக்கும் முக்கியமா ரெண்டு பகுதி உண்டு. எஸ்பிஎன் நம்பர் எந்த விஷயம்னு சொல்லும், எஃப்எம்ஐ நம்பர் அதுல என்ன கோளாறுன்னு சொல்லும். டிஸ்ப்ளேல எஸ்பிஎன் 190, எஃப்எம்ஐ 9-னு வருதுன்னு வைங்க. 190 என்பது இன்ஜின் வேகம். அதை மட்டும் படிச்சவர் "ஸ்பீடு சென்சார் போச்சு"ன்னு சென்சாரை மாத்துவார். சரியாகாது. அடுத்து இன்ஜின் கண்ட்ரோலர் மேலயே சந்தேகம் வரும். ஆனா எஃப்எம்ஐ 9 சொல்றது வேற: அந்தத் தகவல் வரவேண்டிய நேரத்துக்கு வரல. சென்சார் நல்லா இருக்கலாம், இன்ஜின் கண்ட்ரோலர் நல்லா இருக்கலாம், நடுவுல வழி கெட்டிருக்கலாம்.

முத்துக்குளித்த காலத்தை யோசிங்க. தண்ணிக்குள்ள போனவர் இடுப்புக் கயிறை இழுத்தாத்தான் படகில் இருப்பவருக்குச் சேதி. கயிறு அசையலைன்னா படகில் இருப்பவரால சொல்ல முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு: "சேதி வரல." கயிறு பாறையில் சிக்கிச்சா, அறுந்துச்சா, உள்ளே இருப்பவருக்கே ஏதாவது ஆச்சா, அது மேலே இருந்து தெரியாது. கோடும் அப்படித்தான். சேதி கிடைக்காத கண்ட்ரோலர் கொடுக்கும் புகார் அது. சேதி அனுப்பவேண்டியது ஏன் அனுப்பலைன்னு அதுல இருக்காது. அதுக்குக் கரண்ட் போகலையா? எர்த் லூஸா? இல்ல, தொடர்ந்து தப்பா அனுப்பி, எரர் கவுன்ட் 255-ஐத் தாண்டி, கேன் விதிப்படி தானே வாயை மூடிக்கிச்சா? எதுவா இருந்தாலும் அடுத்தவங்க கொடுக்கும் புகார் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நம்ம ஊர்ல சந்தேகப்படவேண்டிய முதல் ஆள் யார்னு உங்களுக்கே தெரியும். கடல் காத்து, உப்பு, நிலக்கரித் தூசி, ஐப்பசி கார்த்திகை மழை. போதாததுக்கு வண்டியைப் பிரஷர் வாட்டர்ல கழுவும்போது கனெக்டருக்குள்ள தண்ணி போகுது. சீல் கொஞ்சம் விட்டிருந்தா போதும், உள்ளே பின் களிம்பு ஏறி பச்சை பூத்திருக்கும். காஞ்சிருக்கும்போது வேலை செய்யும், ஈரத்துல மக்கர் பண்ணும். கண்ட்ரோலரை மாத்தும்போது அந்தக் கனெக்டரைக் கழட்டி மாட்டுறோம் இல்லையா? அந்த உரசல்லயே களிம்பு கொஞ்சம் விலகி வண்டி ஓட ஆரம்பிச்சிரும். "புது கண்ட்ரோலர் போட்டோம், சரியாயிடுச்சு"ன்னு எல்லாரும் நம்பிருவாங்க. அடுத்த மழைக்குப் பழைய கதை.

வழி ஒண்ணும் பெரிசு இல்ல. பேட்டரி ஐசொலேட்டரை ஆஃப் பண்ணுங்க. ஜே1939 வண்டிகளில் வழக்கமா இருக்கும் 9 பின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சி, டி பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்க. லைனோட ரெண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கு, பேரலல்ல 60 வரணும். 120 வந்தா ஒரு முனையைக் காணோம், இல்ல வழியில் வயர் அறுந்திருக்கு. கிட்டத்தட்ட 0 வந்தா ரெண்டு வயரும் ஒட்டியிருக்கு. 40 வந்தா யாரோ மூணாவது ரெசிஸ்டர் போட்டிருக்காங்க. கோளாறு காட்டினா, மீட்டரை விட்டு எடுக்காம ஒவ்வொரு கனெக்டரா பிரிச்சுட்டே வாங்க, எந்த இடத்துல ரீடிங் மாறுதோ அங்கே தேடுங்க. 60 வந்தாலும் முடிஞ்சிடல. வயரை ஆட்டிப் பாருங்க. அப்புறம் சாவியை ஆன் பண்ணி, ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் சப்ளையும் எர்த்தும் ஒழுங்கா வருதான்னு பாருங்க. சில நூறு ரூபாய் மீட்டர் இதுக்குப் போதும்.

"அதுக்குத்தான் கம்பெனி ஆள் லேப்டாப்போட வருவாரே"ன்னு கேக்கலாம். அவர் வேணும்தான், சாஃப்ட்வேர் இல்லாம முடியாத வேலை நிறைய இருக்கு. ஆனா அந்த லேப்டாப்பும் அதே சாக்கெட் வழியா, பெரும்பாலும் அதே ரெண்டு வயர்லதான் பேசணும். லைன் செத்திருந்தா அதுலயும் "கனெக்‌ஷன் இல்லை"ன்னுதான் வரும். அவர் வந்து சேர்ற வரைக்கும் வண்டி சும்மா நிக்கும். ஒரே ஒரு பொக்லைனை லோன்ல வாங்கி மணிக்கணக்குல வாடகைக்கு விடுறவரை நினைச்சுப் பாருங்க. வண்டி நின்னா வருமானம் நிக்கும், தவணை நிக்காது. தேவையில்லாம மாத்தின கண்ட்ரோலருக்கும் அவர்தான் காசு கொடுக்கணும்.

"நான் ஐடிக்குப் போறவன், எனக்கு எதுக்கு வயர்?"னு கேக்குற நண்பர்களுக்கு: ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்காகக் காத்திருந்து டைம்அவுட் லாக் எழுதும். லாக் எழுதினவன் மேலதான் கோளாறுன்னு முடிவு பண்ணா அங்கேயும் இதே கதைதான்.

அதனால நம்ம டிபார்ட்மென்டுக்கு ஒரு கோரிக்கை. ஆர்டுயினோ மூணு, எம்சிபி2515 கேன் மாட்யூல் மூணு போதும். அந்த மாட்யூல்ல 120 ஓம் ரெசிஸ்டரும் அதை இணைக்க ஒரு ஜம்பரும் இருக்கு. மூணுலயும் ஜம்பரை மாட்டினா 40 ஓம் கோளாறு ரெடி. ஒரு டீம் கோளாறு வைக்கட்டும், இன்னொரு டீம் கண்டுபிடிக்கட்டும். என்ன அளந்தாங்க, எந்த வரிசையில் அளந்தாங்க, ஒவ்வொரு ரீடிங்குக்கு அப்புறம் எதைச் சந்தேகப் பட்டியல்ல இருந்து நீக்கினாங்கன்னு எழுதணும். மார்க் அதுக்கு. ரெக்கார்டு நோட்டுல அழகா வந்த அவுட்புட்டுக்கு வேண்டாம்.

ஜூனியர்ஸ், அடுத்த செமஸ்டர் லேப் லிஸ்ட் முடிவாகும் முன்னாடி உங்க கிளாஸ் ரெப் மூலமா இதைக் கேளுங்க. ஒரு மதிய நேரம், மூணு போர்டு. இவ்வளவுதான் செலவு.