விருத்தாசலம் செராமிக் கழிவில் கதிரியக்கம் இருக்கா? லேப் எப்படிக் கண்டுபிடிக்குது?

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் என்றாலே செராமிக்தான் நினைவுக்கு வரும். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் எனப் பல பொருட்கள் இங்கிருந்து வெளியூர் போகின்றன. உடைந்த துண்டு, கிளேஸ் கலந்த சேறு, தூசு என்று கழிவும் சேர்கிறது. பக்கத்தில் நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. இதிலெல்லாம் கதிரியக்கம் உண்டா?

எங்கிருந்து வருது?

எந்த மண்ணிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 கொஞ்சம் இருக்கும். களிமண்ணும் விதிவிலக்கல்ல. செராமிக் தொழிலில் கிளேஸை வெள்ளையாக்கப் பயன்படும் சிர்கான், மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை மணலில் கிடைக்கும் கனிமம். ஒரு கிலோ சிர்கானில் யுரேனியம் சுமார் 2,000 முதல் 4,000 பெக்கரல் வரை இருக்கலாம். பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு அணுச் சிதைவு. ஆனால் கிளேஸில் சிர்கான் சேர்வது சிறு பங்குதான். நிலக்கரியை எரிக்கும்போது கரி போய்விடும், இந்தத் தனிமங்கள் சாம்பலில் செறிந்து தங்கும்.

லேப்பில் என்ன செய்வாங்க?

மாதிரியை உலர்த்தி, பொடியாக்கி, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து சுமார் ஒரு மாதம் வைப்பார்கள். ஏன்? ரேடியத்திலிருந்து வரும் ரேடான் ஒரு வாயு. அது தப்பினால் கணக்கு குறைவாக வரும். பிறகு ஈயச் சுவருக்குள் இருக்கும் ஜெர்மானியம் டிடெக்டரில் பல மணி நேரம் வைத்து காமா கதிர்களை எண்ணுவார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி ஆற்றல் உண்டு. பொட்டாசியம்-40 என்றால் 1,460 கிலோ எலக்ட்ரான் வோல்ட்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கட்டுமானப் பொருளாகப் பயன்படுத்த, மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் 'ரேடியம் சமமதிப்பு' கிலோவுக்கு 370 பெக்கரலுக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். உதாரணமாக ரேடியம் 50, தோரியம் 50, பொட்டாசியம் 500 என்றால், மொத்தம் சுமார் 160 வரும். பயப்படத் தேவையில்லை. எனவே "கதிரியக்கம் கண்டுபிடிப்பு" என்று மட்டும் சொல்லும் செய்திக்கு அர்த்தமில்லை. எவ்வளவு என்பதே கேள்வி.

கையடக்க மீட்டர் போதாதா?

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைகளுக்கு வந்த கோபால்ட்-60, ஒருவரின் உயிரைப் பறித்தது. டெல்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியிலிருந்து வந்தது அது. அப்படிப்பட்ட செயற்கை மூலத்தைக் கையடக்க மீட்டரே காட்டிவிடும். களிமண், சாம்பலில் உள்ள சிறு அளவை எந்தத் தனிமம், எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது.

கதிரியக்கம் இல்லைன்னா பாதுகாப்பா?

இங்குதான் சிக்கல். காமா சோதனை ஈயத்தின் நச்சைச் சொல்லாது. கிளேஸ் கழிவில் ஈயம் கரைந்து வருகிறதா என்று அறிய அமிலக் கரைசலில் 18 மணி நேரம் குலுக்கும் சோதனை தனி. லிட்டருக்கு 5 மில்லி கிராம் ஈயத்தைத் தொட்டால் இந்திய விதிப்படி அது அபாயகரக் கழிவு.

அதைவிட அன்றாட ஆபத்து சிலிக்கா தூசு. அரைக்கும் இடத்தில் வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் வரும், குணப்படுத்த முடியாது. அதைக் கழிவு மாதிரியில் அல்ல, தொழிலாளி சுவாசிக்கும் காற்றில்தான் அளக்க வேண்டும்.

ஆகவே ரிப்போர்ட் கையில் கிடைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: மாதிரி எங்கே எடுத்தது? எதைத் தேடினார்கள்? எதைத் தேடவே இல்லை?