எலி பிழைத்துக்கொண்டது

புரோபயாடிக் கேப்ஸ்யூல் விற்கிறவர்களின் விளம்பரங்களில் ஒரு வாசகம் அடிக்கடி வரும்: ‘ஆய்வக விலங்குகளில் சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது’. இது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அந்த உண்மையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்பதுதான் கேள்வி. விற்பவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை என்பது என் கட்சி.

சோதனை எப்படி நடக்கிறது? நல்ல ஆரோக்கியமான இளம் எலிகளை எடுத்துக்கொள்வார்கள். ஓஇசிடி அமைப்பின் வழிகாட்டி நெறிப்படி 28 நாள் சோதனை என்றால் ஒரு குழுவுக்கு ஐந்து ஆண், ஐந்து பெண். 90 நாள் என்றால் பத்து, பத்து. வழக்கமாக மூன்று அளவுகளுக்கு மூன்று குழு, ஒப்பிட இன்னொன்று. ஆக 40 எலி, அல்லது 80. தினமும் ஒரு குழாயைத் தொண்டை வழியாக இரைப்பைவரை இறக்கிக் கரைசலைச் செலுத்துவார்கள். எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். கடைசியில் எல்லாவற்றையும் கொன்று, கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல் என்று வெளியே எடுத்து நிறுப்பார்கள். வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வரும்.

வித்தியாசம் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். எலியின் முன்னிரைப்பையில் லாக்டோபாசிலஸ் ஏற்கெனவே குடித்தனம் நடத்துகிறது. போதாததற்கு எலி தன் புழுக்கையைத் தானே தின்னும் பிராணி. குடலில் இருப்பதை மறுபடி வாய்க்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு உயிரை வைத்து நம் குடலைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறோம்.

இந்த முறையே ரசாயனங்களுக்காக உருவானது. சாயமோ பூச்சிமருந்தோ, அளவு கூடினால் விஷம் கூடும். பாக்டீரியா உயிருள்ளது, பெருகக்கூடியது. எவ்வளவு போனது என்பதைவிட எங்கே போனது என்பதில்தான் அதன் ஆபத்து இருக்கிறது. குடலுக்குள் இருக்கும்வரை சாது. ரத்தத்துக்குள் போய்விட்டால் கதை வேறு. ஆரோக்கியமான எலியின் குடல்சுவர் அதை எளிதில் தாண்டவிடாது. ஆரோக்கியமான உங்களுடையதும் விடாது. விட்டுவிடுகிறவர்கள் யார்?

2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது. குறைமாதத்தில் ஒரு கிலோவுக்கும் கீழான எடையில் பிறந்த ஒரு குழந்தைக்கு மருத்துவமனையில் புரோபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தை ரத்தத் தொற்றில் இறந்தது. ரத்தத்தில் இருந்த பிஃபிடோபாக்டீரியமும் அந்தப் பொருளில் இருந்ததும் மரபணுப்படி ஒன்றே. 2019இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு இன்னொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்ஜிஜி என்ற பிரபலமான லாக்டோபாசிலஸ் கொடுக்கப்பட்ட 522 பேரில் ஆறு பேருக்கு அதே பாக்டீரியா ரத்தத்தில் இருந்தது. மரபணு வரிசையை எடுத்துப் பார்த்ததால் கேப்ஸ்யூலிலிருந்து வந்தது என்று தெரிந்தது. கொடுத்ததும் மருத்துவமனை, பதிவு வைத்திருந்ததும் மருத்துவமனை. உறவினர் ஒருவர் கடையில் வாங்கி வந்து கொடுத்திருந்தால் யார் முடிச்சுப் போட்டிருப்பார்கள்?

‘சரி பாஸ், அப்படியென்றால் நோயுற்ற எலியில் சோதிக்கட்டும்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதையும் செய்தார்கள். நெதர்லாந்தில்.

கணைய அழற்சி தீவிரமானால் குடல் பாக்டீரியாக்கள் சுவரைத் தாண்டி அழுகிய கணையத்தில் தொற்றை உண்டாக்கும். நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தால் கெட்டதை அடக்கலாம் என்பது யோசனை. உட்ரெக்ட் ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கணைய அழற்சியை வரவழைத்துக் கலவை புரோபயாடிக் கொடுத்தார்கள். பாக்டீரியா தாண்டுவது குறைந்தது. எலிகள் அதிகம் பிழைத்தன. 2007இல் வெளியான முடிவு அது. மனிதர்களில் நடந்த சோதனையின் பெயர் புரோபாட்ரியா. முடிவு 2008இல் லான்செட் இதழில் வந்தது. 15 மருத்துவமனைகள். ஆறு வகை பாக்டீரியா, நாளுக்கு ஆயிரம் கோடி, குழாய் வழியாக நேராகச் சிறுகுடலுக்கு. புரோபயாடிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். வெறும் பொடி பெற்ற 144 பேரில் 9 பேர். புரோபயாடிக் குழுவில் ஒன்பது பேருக்குக் குடலுக்கு ரத்த ஓட்டம் போதாமல் திசு செத்தது. அவர்களில் எட்டுப் பேர் பிழைக்கவில்லை. மறு குழுவில் அப்படி ஒருவருக்கும் ஆகவில்லை.

எலிக்கும் மனிதருக்கும் நடுவில் என்ன மாறியது? நிறைய. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எலிகளுக்கு நோயை வரவழைப்பதற்கு ஐந்து நாள் முன்பே பாக்டீரியா கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வயிற்றுவலி வருவதற்கு ஐந்து நாள் முன்னால் எந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்து படுப்பார்? ஏற்கெனவே ரத்த ஓட்டம் குன்றிய குடலில் போய் ஆயிரம் கோடி உயிர்களை இறக்கினால் அவையும் ஆக்சிஜன் கேட்கும் என்பது ஆய்வாளர்களே முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. எலி அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ‘என் மெஷின்ல ஓடுதே’ என்பது எங்கள் தொழிலின் மிகப் பழைய ஜோக். டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டும், வெளியே போனதும் விழும். ஆனால் எங்களுக்கு லாக் இருக்கிறது. எங்கே, எத்தனை மணிக்கு, யாரிடம் விழுந்தது என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிச் சொல்ல ஆள் இருக்கிறது. ஒரு ஷாப்பிங் ஆப்புக்கே இவ்வளவு!

துணை உணவுக்கு அது எங்கே? அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி துணை உணவுகள் சந்தைக்கு வருமுன் அனுமதி வாங்கத் தேவையில்லை. 2006இல் வந்த சட்டம், தீவிரப் பக்கவிளைவு பற்றித் தங்களுக்குப் புகார் வந்தால் நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. புகார் வரவேண்டுமானால் முதலில் யாராவது கேப்ஸ்யூலைச் சந்தேகப்பட வேண்டும். ‘என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?’ என்று டாக்டர் கேட்டால் யார் அதைப் பட்டியலில் சேர்க்கிறார்கள்? அது ‘நல்லது’ ஆச்சே.

உலக சுகாதார நிறுவனமும் உணவு, வேளாண் நிறுவனமும் 2002இலேயே தெளிவாக எழுதிவைத்தன: ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு இருக்கிறதா, நச்சு உண்டாக்குகிறதா, ரத்த அணுக்களை உடைக்கிறதா, மனிதர்களில் என்ன பக்கவிளைவு, சந்தைக்கு வந்தபின் என்ன நடக்கிறது. விலங்கைப் பற்றியும் ஒரு வரி உண்டு. நோயெதிர்ப்பு குன்றிய விலங்குகளில் தொற்று வரவில்லை என்று காட்டினால் நம்பிக்கை கொஞ்சம் கூடும் என்கிறது. நம் ஐசிஎம்ஆர் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி மிகப் பெரிய அளவில் கொடுத்து நச்சுத்தன்மை பார்க்கச் சொல்கிறது. நெடுங்காலப் பயன்பாட்டுக்கு ஆவணம் இருந்தால் அதைத் தவிர்க்கலாம் என்றும் சொல்கிறது. அதாவது பழகிய வகை ஒன்றுக்காக இன்னொரு நாற்பது எலியைக் கொல்ல எந்த விதியும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அறிக்கை விளம்பரத்துக்கு ஆகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பணத்தில் ஒவ்வொரு தொகுதியிலும் வேறு என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கலாம். 2014இல் கனெக்டிகட்டில் இன்னொரு குறைமாதக் குழந்தை இறந்தது; அங்கே கொன்றது பாக்டீரியா அல்ல, புரோபயாடிக் பொடியில் கலந்திருந்த பூஞ்சை. எத்தனை எலி அந்த வகை பாக்டீரியாவைத் தின்று பிழைத்திருந்தாலும் அந்த ஒரு டப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்காது.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட்டுக்கு ஐரோப்பாவில் 2017இல் ஒரு மறுபரிசீலனை நடந்தது. உயிருக்குப் போராடும் நிலையில் இருப்பவர்களுக்கும் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்ற வரி அதன்பின் அங்கே மருந்துத் தாளில் ஏறியது. பாக்கெட்டைக் கட்டிலருகே பிரித்தால் தூள் பறந்து, பெரிய ரத்தநாளத்தில் போட்டிருக்கும் குழாய் வழியாக உள்ளே போய்விடுகிறது. நர்ஸின் கையிலிருந்தும் போகலாம். ரத்தத்தில் ஈஸ்ட் வளர்ந்த நோயாளிகளை ஒவ்வொருவராகப் பதிவுசெய்து எண்ணியதால் கிடைத்த வரி அது.