ஏரியை அறியாச் சூழற்கல்வி

சுற்றுச்சூழலைப் பள்ளிகளிற் கட்டாயப் பாடமாக்குக என உச்ச நயன்மன்றம் 1991ஆம் ஆண்டிலேயே பணித்தது. பாடம் வந்தது, பயன் வந்ததா? எம் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர், நீடித்த வளர்ச்சிக்கு ஆங்கிலத்தினின்று பெயர்த்த வரையறையைப் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். கலிங்கல் யாதென வினவினேன். ஏரிக்கரையிலேயே வீடுடையவனும் வாய்திறந்திலன். அவனை நோதல் முறையன்று. சொல்லித் தந்தார் எவருமிலர், யானுந்தான்.

வரத்துக்கால் நீரைக் கொணரும். மடை வயலுக்கு விடும். கரை உடையாவண்ணம் மிகைநீரை வெளியேற்றுவது கலிங்கல். கோடையில் அகழும் வண்டல் வயலுக்கு உரம். வரத்துக்காலில் வீடெழுப்பின் ஏரி வறளும். கலிங்கலை அடைப்பின் ஊர் மூழ்கும். இதனினும் தெளிந்த சூழற்பாடம் எங்குளது?

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளிலேயே ஏரிவாரியத்தைக் கூறுகின்றன. (அது பார்ப்பனர் அவை, ஏரியில் மண்சுமந்தார்க்கு அங்கு இருக்கையில்லை என்பதையும் மறைத்தல் வேண்டா.) அவ்வாரியத்தார் மேலைநாட்டு வரையறை கேட்டு ஏரி காத்தவரல்லர்!

ஆசிரியத் தோழர்காள்! ஐப்பசி மழைக்குமுன் ஒருநாள் வகுப்பை ஏரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மடை, தூம்பு, கலிங்கல் எனத் தொட்டுக்காட்டிப் பெயர் கூறுங்கள். வரத்துக்கால் எங்கெங்கு அடைபட்டுளது என மாணாக்கரே நடந்து கண்டு வரைந்து வரட்டும். அவ்வரைவுக்கு மதிப்பெண் இடுங்கள்.